மூச்சுவிட்டே உப்பைப் பிரிக்கும் நுண்ணுயிர்கள்

மூன்று அறைகள் கொண்ட ஒரு சிறிய பெட்டி. ஓர் ஓரத்து அறையில் பாக்டீரியாக்களும் அவற்றுக்கான உணவும் இருக்கின்றன. மறு ஓரத்து அறையில் ஒரு மின்முனையும் அதைச் சுற்றி ஒரு கரைசலும். நடுவிலுள்ள குறுகிய அறையில் உப்புநீர். அதன் கொள்ளளவு வெறும் 3 மில்லிலிட்டர். உப்பைப் பிரிக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவில்லை. உயர் அழுத்தத்தில் நீரைத் தள்ளவில்லை. அடுப்பில் வைத்துக் காய்ச்சவும் இல்லை. பாக்டீரியாக்கள் சாப்பிட்டன, அவ்வளவுதான். அவை சாப்பிடச் சாப்பிட, நடு அறையிலிருந்த உப்பு இரண்டு பக்கமும் பிரிந்து வெளியேறியது. ஒரு சுற்று முடிந்தபோது ஏறத்தாழ 90 சதவீத உப்பு போயிருந்தது. கூடவே அந்தப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தையும் தந்தது.

இந்தச் சோதனையின் முடிவு 2009-இல் வெளியானது. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சியா ஹுவாங்கின் குழுவும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் லோகனும் சேர்ந்து செய்த வேலை அது. லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள நீர், 20 கிராம் உள்ள நீர், கடல்நீருக்கு இணையாக 35 கிராம் உள்ள நீர் என மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் உப்பு பிரிந்தது. நுண்ணுயிர் உப்புநீக்கக் கலம் என்று இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் பேசப்படும் கருவியின் பிறப்பு அதுதான்.

3 மில்லிலிட்டர் என்பது ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு. அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? உப்பை நீரிலிருந்து பிரிப்பதற்கு உலகம் இன்று கொடுக்கும் விலையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

உப்பு ஏன் எளிதில் விடுவதில்லை

உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகிறது. சோடியத்துக்கு நேர்மின்சுமை, குளோரைடுக்கு எதிர்மின்சுமை. ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. இந்தக் கலப்பு தானாக நடக்கும், தானாகப் பிரியாது. பிரிக்க வேண்டுமானால் ஆற்றல் செலவழித்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதை இயற்பியல் விதிகளே வரையறுத்துவிட்டன. கடல்நீரில் பாதியைக் குடிநீராக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி விடுவதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டர் குடிநீருக்குக் குறைந்தபட்சம் சுமார் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். எந்த மேதை எந்தக் கருவியைக் கண்டுபிடித்தாலும் இதற்குக் கீழே போக முடியாது.

இன்றைய பெரிய ஆலைகள் கையாளும் முறை எதிர்ச் சவ்வூடு பரவல். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவியின் பெரிய வடிவம். கடல்நீரை வளிமண்டல அழுத்தத்தைப் போல 55 முதல் 70 மடங்கு அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மீது செலுத்துகிறார்கள்; நீர் கடந்துபோகிறது, உப்பு நின்றுவிடுகிறது. 1960-களில் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த இந்த முறை படிப்படியாக மெருகேறி, இன்று ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பெருநகரத்தின் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010-இல் தொடங்கிய ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்த அளவு நீரை இந்த வீதத்தில் எடுக்க நாள்தோறும் மூன்று, நான்கு லட்சம் யூனிட் ஆகும். தெற்கே நெம்மேலியில் இரண்டு ஆலைகள் வந்துவிட்டன. பேரூரில் இன்னும் பெரிதாக ஒன்று எழுகிறது.

மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், குடிநீருக்காகவே வானத்தில் கரியமில வாயு சேர்கிறது. இன்னொரு பக்கம் உவர்க்கழிவு. குடிநீரை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் நீரில் உப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அது கடலுக்கே திரும்புகிறது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் சுமார் 16,000 உப்புநீக்க ஆலைகள் இயங்கின. அவை நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீரைத் தந்தன, 14.2 கோடி கன மீட்டர் உவர்க்கழிவை வெளியேற்றின. எடுப்பதைவிட விடுவது அதிகம்.

இந்தப் பின்னணியில்தான் அந்த மூன்று அறைப் பெட்டி முக்கியமாகிறது. தேவைப்படும் ஆற்றலை அது மின்கம்பியிலிருந்து எடுக்கவில்லை. அழுக்கிலிருந்து எடுத்தது.

சேற்றுக்குள் ஒரு மூச்சு

நாம் மூச்சுவிடுவது எதற்காக? நுரையீரலுக்குக் காற்றை நிரப்புவது வெளியில் தெரியும் பகுதி. உண்மையான மூச்சு ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே நடக்கிறது. உண்ட உணவைச் செல் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. அவற்றைப் படிப்படியாகக் கைமாற்றி, அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான் செல் வாழ்கிறது. கடைசியில் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள யாராவது இருக்க வேண்டும். நமக்கு அந்த வேலையைச் செய்வது ஆக்சிஜன். ஆக்சிஜன் நின்றால் எலக்ட்ரான்கள் தேங்கும். தேங்கினால் உயிர் நிற்கும்.

ஆக்சிஜன் எட்டாத ஆற்றடிச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் என்ன செய்யும்? 1987-இல் டெரக் லவ்லி என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் குழு, வாஷிங்டன் அருகே ஓடும் பொட்டோமாக் ஆற்றின் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதியது. அது இரும்புத் துருவின் மீது எலக்ட்ரான்களை இறக்கிவைத்து வாழ்ந்தது. துரு திடப்பொருள்; செல்லுக்குள் போகாது. ஆகவே எலக்ட்ரானைத் தன் உடலுக்கு வெளியே கொண்டுபோய் ஒப்படைக்கும் வழியை இந்த உயிர் கற்றிருந்தது. இந்தப் பேரினத்துக்கு ஜியோபாக்டர் என்று பெயர். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியில் கிடைத்த, இன்று ஷெவனெல்லா என்று அழைக்கப்படும் பாக்டீரியாவுக்கும் இதே திறமை இருப்பது தெரியவந்தது.

துருவுக்குக் கொடுக்கும் எலக்ட்ரானை ஒரு கரித்துண்டுக்குக் கொடுக்குமா? கொடுக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். கரியில் ஒரு கம்பியை இணைத்தால், பாக்டீரியாவின் மூச்சு கம்பி வழியே மின்னோட்டமாக ஓடும். நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் வரும் என்பது பழைய செய்திதான். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எம்.சி. பாட்டர், 1911-லேயே ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வைத்துப் பிளாட்டின மின்முனைகளில் சிறிய மின்னழுத்தத்தை அளந்து காட்டினார். அப்போது அது ஒரு விந்தையாக மட்டுமே நின்றது. எந்தப் பாக்டீரியா எப்படி எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது என்பது புரிந்தபின்தான் அது பொறியியலாக மாறியது.

அந்த எப்படி என்பதே தனி அதிசயம். ஜியோபாக்டரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதன் உடலிலிருந்து அதைவிடப் பலமடங்கு மெல்லிய இழைகள் நீள்கின்றன. அந்த இழைகளுக்குள் மின்சாரம் பாயும் என்பது 2005-இல் காட்டப்பட்டது. 2019-இல் அவற்றில் ஒரு வகை இழையின் கட்டமைப்பை அணு அணுவாகப் படம்பிடித்தபோது, உள்ளே ஹீம் எனப்படும் இரும்பு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல வரிசையாக நின்றன. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பிடித்துவைப்பதும் ஹீம்தான். எலக்ட்ரான் ஒரு ஹீமிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகிறது. ஆகவேதான் மின்முனையின் மீது நன்றாக வளர்ந்த ஜியோபாக்டர் படலம் வெறும் கண்ணுக்கே இளஞ்சிவப்பாகத் தெரியும். இரத்தத்துக்கு நிறம் கொடுப்பதும் இந்தப் படலத்துக்கு நிறம் கொடுப்பதும் ஒரே வகைப் பொருள்.

இந்தப் பாக்டீரியாக்களை எங்கிருந்தும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கரிநார்த் துண்டு ஒன்றைக் காற்றுப் படாமல் சாக்கடை நீரில் வைத்து, கம்பியால் மறுமுனையோடு இணைத்துவிட்டால் போதும். முதல் சில நாட்கள் மீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு மின்னோட்டம் மெல்ல ஏறத் தொடங்கும். சாக்கடையில் ஏற்கெனவே இருக்கும் ஆயிரமாயிரம் வகை நுண்ணுயிர்களில், கரிக்கு எலக்ட்ரான் கொடுக்கத் தெரிந்தவை அதன் மீது குடியேறிப் பெருகுகின்றன. மற்றவை சிக்கலான கழிவுகளை உடைத்து, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் போன்ற எளிய பொருள்களாக்கித் தருகின்றன. யாரும் கட்டளையிடாமல் ஒரு முழுச் சமூகமே உருவாகிவிடுகிறது.

மூன்று அறைக்குள் நடப்பது

இப்போது பெட்டிக்குத் திரும்புவோம். பாக்டீரியா குடியிருக்கும் மின்முனைக்கு ஆனோடு என்றும், எதிர்ப்புறத்து மின்முனைக்குக் கேத்தோடு என்றும் பெயர். பாக்டீரியா கழிவை உண்டு, எலக்ட்ரானை ஆனோடில் இறக்குகிறது. எலக்ட்ரான் கம்பி வழியே கேத்தோடுக்குப் போய், அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளோடு சேர்கிறது. ஆனால் எலக்ட்ரான் மட்டும் இடம்பெயர்ந்தால் கணக்கு இடிக்கும். எதிர்மின்சுமை போய்விட்டதால் ஆனோடு அறையில் நேர்மின்சுமை மிஞ்சும். கேத்தோடு அறையில் எதிர்மின்சுமை குவியும். இயற்கை இந்த ஏற்றத்தாழ்வை ஒரு கணமும் பொறுத்துக்கொள்ளாது. எங்கிருந்தாவது அயனிகள் வந்து இரண்டு பக்கத்தையும் சமன்செய்தாக வேண்டும்.

அந்த அயனிகளை நடு அறையிலிருந்து வரவழைத்ததுதான் 2009-இன் சாமர்த்தியம். ஆனோடு பக்கத்துச் சுவராக, எதிர்மின் அயனிகளை மட்டும் விடும் சவ்வு. கேத்தோடு பக்கத்துச் சுவராக, நேர்மின் அயனிகளை மட்டும் விடும் சவ்வு. நடுவில் உப்புநீர். ஆனோடு அறையின் பற்றாக்குறையைத் தீர்க்க நடு அறையிலிருந்து குளோரைடு போகிறது. கேத்தோடு அறையைச் சமன்செய்யச் சோடியம் போகிறது. போனவை திரும்ப வழியில்லை. கம்பியில் ஓர் எலக்ட்ரான் கடக்கும்போதெல்லாம் நடு அறை ஒரு சோடியத்தையும் ஒரு குளோரைடையும் இழக்கிறது. உப்பு போய் நீர் நிற்கிறது. ஆர்.ஓ. முறையில் நீரை உப்பிலிருந்து பிடுங்குகிறோம். இங்கே உப்பு நீரைவிட்டு வெளியேறுகிறது. கடல்நீரிலேயே உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். பெரும்பங்கான நீரை நகர்த்தாமல் சிறுபங்கான உப்பை நகர்த்துவதால், உயர் அழுத்தத்துக்கு இங்கே வேலையே இல்லை.

ஆக, ஒரே பெட்டியில் மூன்று வேலை. கழிவுநீரிலுள்ள அழுக்கு குறைகிறது. உப்புநீரில் உப்பு குறைகிறது. மின்சாரம் கிடைக்கிறது. இன்றைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதற்காகக் காற்றை ஊதும் இயந்திரங்களுக்கே மொத்த மின்செலவில் பாதியளவு போகிறது. இந்தப் பெட்டியின் ஆனோடு அறைக்குக் காற்றே கூடாது. அந்தச் செலவும் மிச்சம்.

நாலரை கிராமும் 35 கிராமும்

பள்ளியில் படித்த மோல் கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் கருவியின் வலிமையையும் எல்லையையும் நாமே கண்டுவிடலாம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. எல்லாமே சாதாரண உப்பு என்று வைத்துக்கொண்டால் அது 0.6 மோல். ஓர் எலக்ட்ரானுக்கு ஓர் இணை அயனி என்பதால் 0.6 மோல் எலக்ட்ரான் வேண்டும். பாக்டீரியா ஓர் அசிட்டிக் அமில மூலக்கூறை முழுதாக உண்டால் 8 எலக்ட்ரான் தரும். எனவே தேவைப்படும் அசிட்டிக் அமிலம் 0.075 மோல், அதாவது நாலரை கிராம். நாலரை கிராம் உணவை உண்டு 35 கிராம் உப்பைப் பிரிக்க, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரால் கொள்கை அளவில் முடியும். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு என்னை வியக்கவைக்கிறது.

சாக்கடை நீரில் உணவு இவ்வளவு செறிவாக இருக்காது. வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கை ஆக்சிஜனேற்றம் செய்ய, லிட்டருக்குச் சுமார் அரை கிராம் ஆக்சிஜன் தேவைப்படும். எட்டு கிராம் ஆக்சிஜன் ஒரு மோல் எலக்ட்ரானுக்குச் சமம். அப்படியானால் ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பை நீக்கச் சுமார் 10 லிட்டர் கழிவுநீர் வேண்டும். இதுவும் ஓர் எலக்ட்ரான்கூட வீணாகாமல் இருந்தால்தான். நடைமுறையில் எலக்ட்ரான்களில் கணிசமான பங்கு வேறு வழிகளில் போய்விடும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்.

இந்தியாவில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது அரசு வகுத்த அளவுகோல். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். அதாவது நூறு லிட்டருக்கு மேல். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், ஒருவரின் கழிவுநீர் அதிகபட்சம் 10 லிட்டர் கடல்நீரை நன்னீராக்கலாம். பாதி எலக்ட்ரான் வீணானாலும் 5 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் அது போதும். குளிக்கவும் துவைக்கவும் போதாது. ஒரு நகரத்தின் முழு நீர்த்தேவையையும் கடலிலிருந்து இந்த வழியில் மட்டும் எடுக்க முடியாது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

கடல்நீரை விட்டுவிட்டு உவர்நீருக்கு வாருங்கள். கடலோரத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் கிடைக்கும் உவர்நீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். குடிநீருக்கு டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு, லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த நீருக்குக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் கழிவுநீரே ஒரு லிட்டருக்குப் போதுமானதாக வருகிறது. இங்கேதான் இந்த முறை கைக்கு எட்டும் தூரத்துக்கு வருகிறது.

அடுக்கி வைத்தால்

கடல்நீரின் கணக்கையும் மாற்ற முடியுமா என்று கேட்டவர்கள் சிங்ஹுவாவின் அதே குழுவினர். ஓர் எலக்ட்ரானுக்கு ஓர் இணை அயனி என்பது நடு அறை ஒன்று இருக்கும்போதுதான். ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவே இரு வகைச் சவ்வுகளையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பல அறைகளாக்கினால், அதே ஓர் எலக்ட்ரான் எல்லா உப்பு அறைகளிலும் ஒவ்வோர் இணையை நகர்த்தும். இட்லிப் பானையில் தட்டுகளை அடுக்குவதைப் போல. அடுப்பு ஒன்றுதான், வேகும் இட்லி பல தட்டு. ஆனால் தட்டுகளை எல்லையில்லாமல் ஏற்றிக்கொண்டே போனால் மேல் தட்டுக்கு ஆவி எட்டாது. இங்கும் அப்படியே. அறைகள் கூடக்கூட மின்தடை கூடும். நுண்ணுயிர் தரும் மின்னழுத்தமோ கொள்கை அளவில் 1.1 வோல்ட், வேலை செய்யும்போது அதில் பாதிகூடத் தேறாது. அதற்குள் எத்தனை அறைகளை ஓட்டலாம் என்பதுதான் வடிவமைப்பாளரின் திறமை.

வேறு வழிகளிலும் முயன்றார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜென் ஹீயின் குழு, கலத்தைக் குழாய் வடிவில் செங்குத்தாக நிறுத்தி, நீரைக் கீழிருந்து மேலாக ஓடவிட்டது. லிட்டருக்கு 30 கிராம் உப்புள்ள நீரை நான்கு நாள் உள்ளே தங்கவைத்தபோது 99 சதவீதத்துக்கு மேல் உப்பு நீங்கியதாக 2011-இல் அறிவித்தது. அதே குழு அடுத்தடுத்து லிட்டர் அளவுக்கும், பிறகு நூறு லிட்டர் அளவுக்கும் கருவியைப் பெரிதாக்கியது. மிசிசிப்பியில் ஒரு குழு, கேத்தோடு அறையில் குளோரெல்லா என்ற பாசியை வளர்த்து, வெயிலில் அது வெளியிடும் ஆக்சிஜனையே எலக்ட்ரானை வாங்கப் பயன்படுத்தியது. ஒரு பக்கம் பாக்டீரியா, மறு பக்கம் பாசி, நடுவில் தெளியும் நீர்.

முட்டுக்கட்டைகள்

இவ்வளவும் இருந்தும் ஏன் இன்னும் ஒரு நகரத்துக்குக்கூட இந்த நீர் வரவில்லை? காரணங்கள் தெளிவானவை, அவற்றை மறைத்துப் பேசினால் அறிவியலுக்கு நியாயம் செய்ததாகாது.

முதலாவது, நீர் தூய்மையாகத் தூய்மையாக அதன் வழியே மின்சாரம் பாய்வது கடினமாகிறது. உப்புதான் நீரை மின்கடத்தி ஆக்குகிறது. 2009 சோதனையிலேயே கலத்தின் மின்தடை தொடக்கத்தில் 25 ஓம் இருந்தது; முடிவில் 970 ஓம் ஆகிவிட்டது. வேலை முடிய முடியக் கருவியின் வேகம் தளர்கிறது. எடுத்த எடுப்பிலேயே உப்பு குறைவாயுள்ள உவர்நீருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

இரண்டாவது, அமிலம். பாக்டீரியா எலக்ட்ரானோடு ஹைட்ரஜன் அயனியையும் வெளியிடுகிறது. ஆனோடு பக்கத்துச் சவ்வு நேர்மின் அயனிகளை விடாது என்பதால் அது வெளியேற வழியில்லாமல் தேங்கி, நீரைப் புளிக்கவைக்கிறது. அமிலம் ஏறினால் பாக்டீரியாவின் மூச்சே அடைபடும். கேத்தோடு பக்கத்தில் இதற்கு நேர்மாறாகக் காரத்தன்மை ஏறி, கால்சியமும் மெக்னீசியமும் சவ்வின் மீது படிகின்றன. இரண்டு அறைகளின் நீரையும் மாற்றிச் சுற்றவிட்டால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணிக்கும் என்று கண்டிருக்கிறார்கள். அதற்குப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

மூன்றாவது, கேத்தோடு. முதல் சோதனையில் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது ஃபெர்ரிசயனைடு என்ற வேதிப்பொருள். அது தீரத் தீர மாற்ற வேண்டும் என்பதால் ஊருக்கு ஒத்துவராது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இலவசம். ஆனால் அது எலக்ட்ரானை மந்தமாகவே வாங்கும். வேகப்படுத்தப் பிளாட்டினம் பூசினால் விலை கட்டாது. ஆகவே கிளர்வூட்டிய கரி, பாக்டீரியாவே குடியிருக்கும் கேத்தோடு என்று மலிவான மாற்றுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சவ்வுகளும் மலிவானவை அல்ல. கழிவுநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் சவ்வின் மீது தேவையற்ற பாக்டீரியாப் படலமும் வளர்ந்து அடைக்கும்.

நான்காவது, பிரிந்த உப்பு எங்கே போகிறது? மறைந்துவிடுவதில்லை. குளோரைடு முழுவதும் கழிவுநீருக்குள் போகிறது. சுத்திகரித்த கழிவுநீரை வயலுக்கோ ஏரிக்கோ விடும் உள்நாட்டு ஊரில் இது புதிய கேடு. ஆனால் சுத்திகரித்தபின் கடலில் விடும் கடலோர ஊரில் நிலைமை வேறு. ஆர்.ஓ. ஆலையின் உவர்க்கழிவு கடலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உப்புள்ளது. இந்தக் கலத்திலிருந்து வெளிவரும் கழிவுநீரில் உப்பு கடலைவிடக் குறைவாகவே இருக்கும். ஆக, இந்தத் தொழில்நுட்பத்தின் வீடு கடலோரம்.

ஆர்.ஓ.வுக்கு முன்னால் ஒரு படி

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2016-இல் தொடங்கிய மிடெஸ் என்ற திட்டம் இந்தப் பாடங்களையெல்லாம் கணக்கில் எடுத்தது. ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையிலுள்ள டெனியா என்ற ஊரில் சோதனை ஆலை அமைத்தார்கள். கடல்நீரின் உப்பு முழுவதையும் நுண்ணுயிரைக் கொண்டே நீக்கிவிட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டார்கள். உப்பின் பெரும்பகுதியை நுண்ணுயிர்க் கலம் எடுக்கட்டும். மீதியைக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் ஆர்.ஓ. பார்த்துக்கொள்ளட்டும். உப்பு குறைந்த நீருக்கு அழுத்தமும் குறைவாகப் போதும். ஆயிரம் லிட்டருக்கு 3 யூனிட் ஆகும் இடத்தில் அரை யூனிட்டுக்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள். 1 யூனிட் என்ற இயற்கை எல்லையை இது மீறவில்லை. மீதி ஆற்றல் கழிவுநீரிலிருந்து வருகிறது. ஆய்வகத்து மேசையிலிருந்து வெளியே உண்மையான சூழலில் இந்தக் கலத்தை இறக்கிப் பார்த்த முயற்சி என்ற வகையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

என் முடிவு இதுதான். நுண்ணுயிர் உப்புநீக்கம் மீஞ்சூரையோ நெம்மேலியையோ நாளைக்கே மூடவைக்கப் போவதில்லை. கடலோரத்துச் சிற்றூர்கள், தீவுகள், கிணற்றுநீர் உவர்ந்துபோன குடியிருப்புகள், பெரிய ஆலைகளின் முன்கட்டம் ஆகியவையே அதற்குப் பொருத்தமான இடங்கள். சவ்வின் விலை இறங்கி, மலிவான கேத்தோடு கிடைத்தால் அந்த இடங்களில் அது நிலைபெறும். அங்கும் கிடைக்கும் நீரைக் கிருமிநீக்கம் செய்து, சோதித்த பிறகே குடிக்கத் தர வேண்டும்.

கருவி வெற்றிபெறுகிறதோ இல்லையோ, அது நமக்குக் காட்டிவிட்ட ஓர் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் கழிவுநீரை உலரவைத்து எரித்து அளந்தபோது, வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 7.6 கிலோஜூல் ஆற்றல் இருந்தது. ஆயிரம் லிட்டருக்கு 2 யூனிட்டுக்கு மேல். அதை ஒரு பக்கம் மின்சாரம் செலவழித்துச் சுத்தம் செய்கிறோம், அல்லது செய்யாமலே ஆற்றிலும் கடலிலும் விடுகிறோம். இன்னொரு பக்கம் அதே கடலிலிருந்து உப்பைப் பிரிக்க மேலும் மின்சாரம் செலவழிக்கிறோம். கடலோர நகரங்களில் இந்த இரண்டு வேலைகளும் இரண்டு வளாகங்களில், இரண்டு திட்ட மதிப்பீடுகளில் தனித்தனியாகவே நடக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடும் காலம் வந்துவிட்டது. உங்கள் ஊரில் அடுத்த சுத்திகரிப்பு நிலையத்துக்கோ குடிநீர் ஆலைக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அங்கே எழுந்து நின்று இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: எங்கள் கழிவுநீரில் இருக்கும் ஆற்றலை என்ன செய்யப் போகிறீர்கள்?